தமிழ்ப் பெயர்களை ஒப்பிட சவுண்டெக்ஸ் ஏன் உதவாது, எது உதவும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரியின் நோயாளர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். ஏறக்குறைய 20,000 பதிவுகள். சில பெயர்கள் தமிழில் இருக்கின்றன, சில ஆங்கில எழுத்தில். ஒரே ஆள் இரண்டு மூன்று தரம் பதிவாகியிருக்கிறார். ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறி தரும் சவுண்டெக்ஸ் என்ற முறையைப் போட்டுப் பார்த்தால் சம்பந்தமில்லாத பெயர்கள் ஒன்றாக வந்து விழுகின்றன. லெவன்ஸ்டைன் தூரம் (ஒரு பெயரை மற்றதாக்க எத்தனை எழுத்து மாற வேண்டும் என்ற எண்ணிக்கை) 2க்குள் இருக்கும் பெயர்களைத் தானாகவே ஒன்றாக்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். 'ரவி'க்கும் 'ரதி'க்கும் தூரம் 1தான். ரவிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ரதியின் பதிவில் போய்ச் சேர்ந்தால் பெரிய ஆபத்தில்லை என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் யோசியுங்கள்: இரண்டு பதிவும் ஒன்றான பிறகு யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதே தெரியாமல் போய்விடும். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருப்பது தொல்லை. இரண்டு ஆளுக்கு ஒரு பதிவு இருப்பது ஆபத்து. இந்த வேலையில் எந்த முடிவை எடுக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிவேட்டில் மூன்று வகையான வித்தியாசம் கலந்து கிடக்கிறது. டைப் அடிக்கும்போது விரல் தவறி வருவது ஒன்று. ஆட்கள் தங்கள் பெயரை எழுதும் பழக்கத்தால் வருவது இன்னொன்று. கண்ணுக்கே தெரியாமல் எழுத்துக் குறியீட்டுக்குள் இருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே கருவியைப் போடுவதால்தான் எதுவும் சரிவரவில்லை.

மூன்றாவதில் இருந்து தொடங்குகிறேன். அதைச் சரிசெய்யாமல் மற்ற இரண்டையும் தொடவே முடியாது. 'கொழும்பு' என்ற சொல்லையே எடுங்கள். யுனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினிக்கு முதலாவது 8 குறியீடு கொண்ட சொல், இரண்டாவது 9 கொண்டது. அவற்றுக்கு இடையே லெவன்ஸ்டைன் தூரம் 2. நீங்கள் வைத்திருக்கும் எல்லை ஒரே மாதிரித் தெரியும் ஒரு சொல்லுக்கே செலவாகிவிடுகிறது. இதற்கு யுனிகோட் தரமே வழி வைத்திருக்கிறது. ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை எல்லாப் பதிவுக்கும் ஒரு தரம் ஓட்டினால் இந்த வகைச் சிக்கல் போய்விடும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இது கிடைக்கும்.

அது தீர்க்காத இரண்டு இருக்கின்றன. 'கௌரி' என்பதைப் பலர் கொம்பு போட்டு, அடுத்து 'ள' எழுத்தைப் போட்டு 'கெளரி' என்று அடிப்பார்கள். பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும். இதற்கு ஒரு சின்ன விதி போதும்: ஒற்றைக் கொம்புக்குப் பிறகு வரும் 'ள'வில் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லை என்றால் ஔகாரமாக மாற்றுங்கள். 'வெள்ளவத்தை'யில் ளகரத்துக்குப் புள்ளி இருக்கிறது, 'கெளுத்தி'யில் உகரக் குறி இருக்கிறது. அதனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மற்றது 'ஸ்ரீ'. அதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005இல் யுனிகோட் 4.1இல் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே தெரியும். நம் ஊரில் சிறி, சிறீ என்றும் எழுதுவார்கள். நான்கையும் ஒன்றாக்கும் விதியை நீங்களே எழுத வேண்டும்.

பழைய பதிவுகள் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால் அவற்றை முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில விசைகளின் எழுத்துத்தான். தமிழாகத் தெரிய வைப்பது எழுத்துரு. மாற்றாமல் ஒப்பிட்டால் அது ஆங்கிலப் பெயரென்றே கணினி எடுத்துக்கொள்ளும்.

சரி, இப்போது சவுண்டெக்ஸ். ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிர் எழுத்துகளையும் எச், டபிள்யூ, வை ஆகியவற்றையும் விட்டுவிடும். மீதி மெய்களை ஆறு கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் தரும். மூன்று இலக்கம் சேர்ந்ததும் நிறுத்திவிடும். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளுக்கு 1930களில் அட்டவணை போட்டபோது இது பெரிய உதவியாக இருந்தது. அங்கே குடும்பப் பெயர்கள் குட்டையானவை, அதனால் மூன்று இலக்கம் போதுமாக இருந்தது.

நம் பெயர்கள் அப்படியல்ல. சிவகுமார், சிவஞானம், சிவகணேசன், சிவகாந்தன், சிவகாமி ஆகிய ஐந்தையும் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் கொடுத்துப் பாருங்கள். ஐந்துக்கும் எஸ்125 என்ற ஒரே குறிதான் வரும். 'சிவ' என்ற முன்பகுதியும் அடுத்த இரண்டு மெய்யும் சேர்ந்தே குறியை நிரப்பிவிடுகின்றன, பெயரில் ஆளைக் காட்டும் பகுதிக்கு இடமே மிஞ்சுவதில்லை. மறுபக்கம், செல்வராஜா என்ற பெயரை ஒருவர் எஸ் போட்டுத் தொடங்குகிறார், இன்னொருவர் சி-எச் போட்டுத் தொடங்குகிறார். ஒருவருக்கு எஸ்416, மற்றவருக்கு சி416. ஒரே பெயர் பிரிந்துவிட்டது. வேறு வேறு பெயர்களைச் சேர்ப்பதும் ஒரே பெயரைப் பிரிப்பதும் ஒரே கருவியில் நடக்கிறது. நீங்கள் பார்த்த குழப்பத்துக்குக் காரணம் இதுதான், உங்கள் நிரலில் பிழை இல்லை.

லெவன்ஸ்டைன் தூரம் வேறு வேலைக்கு உண்டான கருவி. ஒரு சொல்லை மற்றதாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று அது எண்ணும். விளாடிமிர் லெவன்ஸ்டைன் 1965இல் வெளியிட்டது. அதற்கு முந்திய வருடம் பிரெட் டமராவ் தரவுகளில் உள்ள எழுத்துப் பிழைகளை ஆராய்ந்து, 80 வீதத்துக்கும் மேலானவை ஓர் எழுத்து கூடியது, குறைந்தது, மாறியது, அல்லது பக்கத்துப் பக்கத்து எழுத்து இடம் மாறியது என்ற நான்குக்குள் அடங்கும் என்று காட்டினார். விரல் தவறும் பிழைக்கு இந்த எண்ணிக்கை மிகப் பொருத்தம். எழுதும் பழக்கத்துக்கு இது பொருந்தாது. தேவராஜாவை ஆங்கிலத்தில் டி போட்டும் எழுதுவார்கள், ரி-எச் போட்டும் எழுதுவார்கள். தூரம் 2. அதே டி போட்ட தேவராஜாவுக்கும் ஜெயராஜாவுக்கும் தூரம் எவ்வளவு? முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் மட்டும் மாறுகின்றன, அதுவும் 2. ஒரே பெயரும் வேறு பெயரும் ஒரே தூரத்தில் நிற்கும்போது எந்த எல்லை போட்டாலும் பிரிக்க முடியாது.

ஜாரோ-விங்க்ளர் என்ற அளவையும் பலர் சொல்வார்கள். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தில் உருவானது அது. தொடக்க எழுத்துகள் ஒத்திருந்தால், அதிகபட்சம் நான்கு எழுத்து வரை, கூடுதல் மதிப்பெண் கொடுக்கும். 'சிவ', 'பால', 'ஜெய' இவற்றை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக நான்கு நான்கு எழுத்து வருவதைக் கவனியுங்கள். நம் பெயர்களில் பலவற்றுக்குக் காரணமே இல்லாமல் முழுக் கூடுதலும் கிடைத்துவிடும். கணக்குப் போட்டால் சிவகுமாருக்கும் சிவகரனுக்கும் 0.911 வருகிறது. எஸ் போட்ட செல்வராஜாவுக்கும் சி-எச் போட்ட செல்வராஜாவுக்கும் 0.906தான். இரண்டு வேறு ஆட்கள், ஒரே பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டலை முந்திவிடுகிறார்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இதை அப்படியே போட நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்படியானால் செய்ய வேண்டியது தமிழ் ஒலிக்கு ஏற்ற சொந்தக் குறியை உருவாக்குவது. இது பெரிய ஆராய்ச்சி வேலை அல்ல. கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பப் பெயர்களைச் சவுண்டெக்ஸ் சரியாகப் பிடிக்கவில்லை என்று கண்ட கேரி மோகோடாஃப், ராண்டி டெயிட்ச் இருவரும் 1985இல் தங்கள் பெயர்களுக்கென்று ஒரு முறையை அமைத்தார்கள். அதில் இருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். முதல் எழுத்தை அப்படியே வைக்காமல் அதையும் ஒலிக்குறியாக மாற்றுவது ஒன்று. ஒரு பெயரை இரண்டு விதமாக வாசிக்க முடியும் என்றால் இரண்டு குறியும் கொடுப்பது மற்றது. சவுண்டெக்ஸ் செல்வராஜாவில் தோற்ற இடத்தை முதலாவது அடைத்துவிடுகிறது.

தமிழ்ப் பக்கத்தில் குறி உண்டாக்குவது எளிது. ஒவ்வொரு உயிர்மெய்யையும் மெய்யாகவும் உயிராகவும் பிரியுங்கள். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக வையுங்கள். நாம் கதைக்கும்போது ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே வருவதால் எழுதும்போதும் மாறும். ர, ற ஒன்று. ந, ன, ண, ஞ, ங ஒன்று. ச, ஜ, ஸ, ஷ, ஶ ஒன்று. ராஜா, ராசா இரண்டும் இதில் சேர்ந்துவிடும். க, ஹ ஒன்று. த, ட ஒன்று. ரத்தினம், ரட்ணம் என்று இரண்டும் எழுதுகிறோமே. இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குங்கள். சொல்லின் தொடக்கத்தில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் முன்னால் வரும் இகரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு உயிர்களையும் விட்டுவிடுங்கள். இராசேசுவரி, ராஜேஸ்வரி, ராசேஸ்வரி மூன்றும் ர-ச-ச-வ-ர என்று ஒரே குறிக்கு வந்து சேரும். சவுண்டெக்ஸ் மாதிரி மூன்றோடு நிறுத்தாதீர்கள். முழுப் பெயருக்கும் குறி வேண்டும்.

இரட்டைக் குறி எங்கே வேண்டும் என்பதற்கு வெற்றிவேல் நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் அந்த ற்ற-வை இரண்டு ரி போட்டும் எழுதுவார்கள், ரி-ஆர் போட்டும் எழுதுவார்கள். ஆகவே வ-த-வ-ல, வ-த-ர-வ-ல என்று இரண்டு குறியும் அந்தப் பெயருக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும்.

ஆங்கில எழுத்துப் பதிவுகளை என்ன செய்வது? இங்கேதான் பலர் தலைகீழாகப் போகிறார்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றி, அங்கே ஒப்பிடுவார்கள். ஒரு தமிழ்க் ககரம் ஆங்கிலத்தில் கே, ஜி, எச், சில பழைய குடும்பங்களில் சி என்று நான்காகப் பிரியும். அந்தத் திசையில் போனால் வித்தியாசம் பெருகும். எதிர்த் திசையில் வந்தால் எல்லாம் ஒரே ககரத்தில் அடங்கும். எனவே ஆங்கிலப் பதிவைத் தமிழ்க் குறிக்குக் கொண்டு வாருங்கள். எஸ், எஸ்-எச், சி-எச், ஜே எல்லாம் சகரம். வி, டபிள்யூ வகரம். ஜி-என் சேர்ந்து வந்தால் ஞானத்தின் ஞகரம். எச் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டிய எழுத்து. இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் அது ககரம், மகேஸ்வரனிலும் மோகனிலும் உள்ளது போல. மெய்க்குப் பின்னாலோ பெயரின் முடிவிலோ வந்தால் விட்டுவிடலாம். ராஜாவின் கடைசியில் நாம் போடும் எச்சுக்கு ஒலியே கிடையாது.

கொட்டாஞ்சேனை என்றபடியால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அந்தோனி, அன்ரனி, அன்டனி எல்லோரும் நிறையவே இருப்பார்கள். யோசேப்பு, ஜோசப், சூசை மூன்றும் ஒரே புனிதரின் பெயர்தான், ஆனால் சூசையையும் ஜோசப்பையும் எந்த ஒலி விதியும் இணைக்காது. யோவானும் ஜோனும் அப்படித்தான். இவற்றுக்கு ஒரு சின்னப் பட்டியலைக் கையால் எழுதி வைத்துவிடுங்கள். பதிவேட்டைப் பல வருடமாகக் கையாளும் ஒருவர் கூட இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடியும், அவருக்குத் தெரிந்தது எந்த மென்பொருளிலும் இல்லை.

குறி தயாரானதும் ஒரே குறி கொண்ட பதிவுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 20,000 பதிவை எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 200 மில்லியன் சோடி வரும். குறி அதை மிகச் சிறிதாக்கிவிடும். ஆனால் குறி சேர்ப்பதற்கு மட்டும்தான், தீர்ப்புக்கு அல்ல. உயிரை விட்டதால் கமலா, கமலி, கோமளா மூவரும் க-ம-ல என்ற ஒரே குறிக்குள்தான் இருப்பார்கள். விரல் தவறி மெய் மாறிய பெயர்கள் குறியில் பிரிந்துவிடும் என்பதால் தொலைபேசி இலக்கம் ஒன்றாக இருப்பவர்களையும் பிறந்த திகதி ஒன்றாக இருப்பவர்களையும் தனியாக ஒரு சுற்று ஒப்பிடுங்கள்.

இப்போதுதான் தூரத்துக்கு வேலை வருகிறது, அதுவும் எடை போட்ட தூரம். எழுத்தை முழு எழுத்தாக எண்ணினால் ரூபன், ருபன், சோபன் மூன்றுக்கும் இடையே ஒரே தூரம் 1தான். மெய்யும் உயிருமாகப் பிரித்தால் ரூபனுக்கும் சோபனுக்கும் 2 ஆகிறது. ரூபனுக்கும் ருபனுக்கும் குறில் நெடில் மாத்திரம் வித்தியாசம், அதற்கு 0.2 வையுங்கள். லகர ளகர மாற்றத்துக்கு 0.1, ச-வுக்கும் ஜ-வுக்கும் 0.2, வ-வுக்கும் ய-வுக்கும் முழு 1. தேவராஜா, தேவராசா 0.2இல் நிற்பார்கள். தேவராஜாவும் ஜெயராஜாவும் 2.2க்குப் போய்விடுவார்கள். இந்த எண்கள் தொடங்குவதற்கு மட்டும், உங்கள் தரவைப் பார்த்துத் திருத்துங்கள். பெயரின் நீளத்தால் வகுக்கவும் மறக்க வேண்டாம். தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க பைதான் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம் இருக்கிறது, இலவசம்.

பெயரைத் துண்டு துண்டாக ஒப்பிடுங்கள், வரிசையைப் பார்க்க வேண்டாம். செல்வராஜா சிவகுமார், சிவகுமார் செல்வராஜா, செ. சிவகுமார் மூவரும் ஒருவராக இருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு தகப்பன் பெயர் இருந்த இடத்தில் கணவன் பெயர் வரும் பெண்களுக்கு இரண்டாவது துண்டு பொருந்தாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பெயர் எவ்வளவு பொருந்தினாலும் அது ஒரு சாட்சிதான். எல்லாச் சாட்சிக்கும் ஒரே எடை இல்லை என்பதைக் கணிதமாக எழுதியது 1969இல் ஃபெலெகி, சன்டர் இருவரும். அரிதான பெயர் பொருந்தினால் நிறைய எடை, எல்லோருக்கும் உள்ள பெயர் பொருந்தினால் குறைந்த எடை. கொழும்பில் இரண்டு பதிவில் முஹம்மது இருப்பது ஏறக்குறைய எதையும் நிரூபிக்காது. வைத்திலிங்கம் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

உங்களிடம் அடையாள அட்டை இலக்கம் இருந்தால் அதுதான் மிகப் பலமான சாட்சி. ஆனால் பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும், 2016இல் வந்த புதிய முறையில் 12 இலக்கம். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, வருடமும் நாளும் குறிக்கும் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழைத்து, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும் மூன்று இலக்கத்தில் பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். ரவியையும் ரதியையும் பிரிக்க இது ஒன்றே போதும். பிள்ளைகளுக்கு அட்டை இல்லாததால் தாயின் இலக்கத்தையே எழுதியிருப்பார்கள். அதனால் இலக்கம் பொருந்தினாலும் பிறந்த திகதியைப் பாருங்கள். அப்படியும் இரட்டைப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்: ஒரே திகதி, ஒரே முகவரி, ஒரே தொலைபேசி, பெயரும் நிரோஷன், நிரோஷா என்று ஒரு சாயலில். சந்தேகம் வந்தால் ஒன்றாக்காதீர்கள்.

ஒன்றாக்கும் முடிவை ஓர் ஆள்தான் எடுக்க வேண்டும். கணினி சோடிகளை மதிப்பெண் வரிசையில் திரையில் காட்டட்டும், பதிவேட்டைத் தெரிந்தவர் ஆம், இல்லை என்று குறிக்கட்டும். ஆம் என்றாலும் ஒரு பதிவை அழித்து மற்றதில் சேர்க்க வேண்டாம். இரண்டையும் அப்படியே வைத்து, இவை ஒரே ஆள் என்று ஓர் இணைப்பை மட்டும் எழுதுங்கள். பிழை தெரிந்தால் இணைப்பை எடுத்துவிடலாம். முதல் சில நூறு சோடிகளில் அவர் குறித்ததை வைத்து, உங்கள் மதிப்பெண் எந்த அளவுக்குக் கீழே வேலை செய்யவில்லை என்று பாருங்கள். எடைகளைத் திருத்துவது அதன் பிறகுதான். இணையத்தில் உள்ள ஏதாவது ஏஐ சேவைக்குப் பதிவேட்டை அனுப்பிச் செய்யலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய வகையாக வைத்திருக்கிறது. சட்டம் இல்லை என்றாலும் அது நோயாளர் உங்களை நம்பிக் கொடுத்த தகவல். மேலே சொன்ன எல்லாமும் உங்கள் மேசையில் இருக்கும் சாதாரணக் கணினியிலேயே ஓடும்.

இதே குறியைப் பதிவு செய்யும் திரையிலும் போட்டுவிடுங்கள். வரவேற்பில் இருக்கும் பிள்ளை புதிய பெயரை அடிக்கத் தொடங்கும்போதே அதே குறி கொண்ட பழைய பெயர்கள் பிறந்த வருடத்தோடு பக்கத்தில் வரட்டும். "உங்கட பெயர் ஏற்கெனவே இருக்குதா, பிறந்த திகதி சொல்லுங்கோ" என்று நோயாளரிடமே கேட்டுவிடலாம். பழைய 20,000ஐத் துப்புரவாக்க நாள் எடுக்கும், ஆனால் நாளை முதல் புதிய இரட்டைப் பதிவுகள் குறையத் தொடங்கும். அதனால் இந்தத் திரையை முதலில் செய்யும்படிதான் நான் சொல்வேன்.